மெத்தனாலா, அசிட்டோநைட்ரைலா? வண்ணப்பிரிகைக் கரைப்பான்களின் வரலாறும் ஆய்வகக் காப்பும்

திருவில்லிபுத்தூரிலிருந்து மதுரை போகும் சாலையில் இருக்கிறது கிருஷ்ணன்கோவில்.  அங்கே ஒரு மருந்தியல் கல்லூரி உண்டு. இராஜபாளையம் வட்டாரத்தில் பி.பார்ம். படிப்பவர்களுக்கு உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை (எச்.பி.எல்.சி.) பாடத்திலேயே வருகிறது. கருவியின் விலையைப் பேசும் அளவுக்கு அதன்மேல் நிற்கும் கரைப்பான் புட்டிகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. அவற்றில் எது இருக்க வேண்டும் என்பதை வேதியியலோடு சந்தையும் சட்டமும் சேர்ந்தே முடிவுசெய்து வந்திருக்கின்றன.

வண்ணப்பிரிகையின் தொடக்கத்தில், 1906-இல் தாவரவியலாளர் ஸ்வெட் இலை நிறமிகளைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழாயில் பிரித்துக் காட்டியபோது பயன்பட்டது கார்பன் டைசல்பைடு. 90 பாகை செல்சியசிலேயே தானாகத் தீப்பற்றும் திரவம் அது. நீராவிக் குழாய் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும். 1941-இல் வேதியியலாளர்கள் மார்ட்டினும் சிங்கும் சிலிக்கா ஜெல்லில் நீரைப் பிடித்துவைத்துக் குளோரோஃபார்மை ஓடவிட்டனர். அதற்காக 1952-இல் நோபல் பரிசு பெற்றனர். 1970-களில் சி-18 வகைப் பிரிகைக் குழாய் பரவியபோதுதான் பெரிய திருப்பம் நேர்ந்தது. குழாய் வழியே ஓடும் கலவையில், அதாவது நகரும் நிலைமையில், பெரும்பங்கை நீர் எடுத்துக்கொள்ள, துணைக்கு மெத்தனாலோ அசிட்டோநைட்ரைலோ போதுமானதாயிற்று.

இந்த இரண்டில் அசிட்டோநைட்ரைல் முந்தியதற்குக் காரணம் உண்டு. பிரிந்த பொருள்களை அளக்க உதவும் புறஊதா ஒளியை 190 நானோமீட்டர் வரை அது மறைப்பதில்லை. மெத்தனால் 205-லேயே மறைக்கத் தொடங்கும். நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் மெத்தனால் கலவையின் பாகுநிலை அசிட்டோநைட்ரைல் கலவையினுடையதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. பம்பின் அழுத்தமும் அதற்கேற்ப ஏறும். ஆனால் அசிட்டோநைட்ரைல் அக்ரிலோநைட்ரைல் ஆலைகளின் துணைப்பொருள். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்காகச் சீன ஆலைகள் நின்றன, டெக்சாசை ஐக் புயல் தாக்கியது, மோட்டார் வாகனத் தொழில் சரிந்தது. உலகெங்கும் ஆய்வகங்கள் தட்டுப்பாட்டில் தவித்து, மெத்தனாலுக்குத் திரும்பும் வழி தேடின.

தமிழ்நாட்டில் அந்தத் திரும்பலுக்கு வேறொரு பொறுப்பும் சேர்கிறது. மெத்தனாலை, அதாவது மெத்தில் ஆல்கஹாலை, இங்கு 1959-ஆம் ஆண்டு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. எனவே மெத்தனால் வைக்கும் ஆய்வகப் பீரோவின் பூட்டும் இருப்புப் பதிவேடும் வெறும் தணிக்கைச் சடங்கல்ல. இந்தக் கண்டிப்பு இருக்குமானால், 230 நானோமீட்டருக்கு மேல் அளக்கும் மாணவர் சோதனைகளுக்கு மெத்தனாலே போதும் என்பது என் முடிவு. அசிட்டோநைட்ரைலை விட்டால் ஆகாத இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். உடலுக்குள் போனால் அது மெல்லச் சயனைடாக மாறுகிறது. அறிகுறி தெரியச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால் ஏமாந்துவிடுவோம்.

தீப்பற்று நிலை அசிட்டோநைட்ரைலுக்கு 2 பாகை, மெத்தனாலுக்கு 11 பாகை. இந்த வட்டாரத்துச் சித்திரை வெயிலில் இரண்டுமே எந்நேரமும் எரியத் தயாரான ஆவியைக் கக்கும். புட்டிக்கும் கழிவுக் கேனுக்கும் குழாய் நுழையும் துளையோடு கூடிய மூடி வேண்டும். வாயில் பஞ்சு அடைப்பது காப்பாகாது. பாஸ்பேட் தாங்கல் கரைசல் ஓடிய பிரிகைக் குழாயில் நேராக அசிட்டோநைட்ரைலை விட்டால் உப்பு வெண்துகளாகப் படிந்து குழாயை அடைக்கும். இடையில் நீர் மிகுந்த கலவையால் கழுவியே ஆக வேண்டும். இன்னொரு கரைப்பானான டெட்ராஹைட்ரோஃபியூரான் நாள்பட்டால் வெடிக்கும் பெராக்சைடுகளைச் சேர்க்கும். புட்டியைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுத வேண்டும்.

கழிவில் குளோரின் உள்ளவற்றுக்குத் தனிக் கேன் வேண்டும். 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள் சேமிப்புக்குத் தரும் காலம் 90 நாள். சிறு அளவில் உண்டாக்குவோருக்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம். ஒரு பருவம் முழுக்கத் துளித்துளியாக நிரம்பும் கல்லூரிக் கேன் 90 நாளைத் தாண்டிவிடும். எனவே அகற்றும் தேதியைப் பருவத் தொடக்கத்திலேயே செய்முறை அட்டவணையில் குறித்துவிட வேண்டும்.