பட்டணம் ஏறிய நாட்டுப்புறப் பாட்டு



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் மக்கள் எந்தப் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தார்கள், அதைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு எவ்வாறு கிடைத்தது, எவ்வாறு பறிபோயிற்று என்பதும் வரலாறேயாகும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அத்தகையது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓர் ஊரின் வானொலி நிலையம் திடீரென ஒரு நாள் தன் பழைய நிகழ்ச்சிகளைக் கைவிட்டு, காலை முதல் இரவு வரை நாட்டுப்புற இசையையே ஒலிபரப்பத் தொடங்குகிறது. ஓரிரண்டு ஊர்களில் அன்று, நூற்றுக்கணக்கான ஊர்களில் இது நிகழ்ந்தது. இதற்குக் காரணம் என்ன? இதனால் பெற்றவர் யார், இழந்தவர் யார்? சிறிது ஆராய்வோம்.

நம் நாட்டு வானொலி நிலையம் ஒன்றில் காலையில் பக்திப் பாடல், பின்னர்ச் செய்தி, நண்பகலில் உழவர்க்கான உரை, இரவில் கச்சேரி அல்லது நாடகம் என்று பலவும் கலந்து வருவதை நாம் அறிவோம். அமெரிக்காவில் வானொலி வளர்ந்த விதம் வேறு. அங்கே பெரும்பாலான நிலையங்கள் தனியாருக்கு உரியவை. அரசு அவற்றுக்கு உரிமம் மட்டுமே வழங்குகிறது. 1934-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற மத்தியச் செய்தித் தொடர்பு ஆணையம் இவ்வுரிமங்களைப் பொதுநலம் கருதி வழங்க வேண்டும் என்பது சட்டம். நேயர் கட்டணம் செலுத்துவதில்லை. விளம்பரதாரர் தரும் பணமே நிலையத்துக்கு வருவாய். பாட்டு நேயரை ஈர்க்கிறது. நேயர் தொகை விளம்பரத்தை ஈர்க்கிறது. இந்தக் கணக்கை நினைவில் இருத்தினால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

அமெரிக்கர் 'கண்ட்ரி' என்று வழங்கும் இசை தென்மாநிலங்களின் மலைச்சிற்றூர்களிலும் பருத்திக் காடுகளிலும் பிறந்தது. பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து குடியேறியோர் பிடில் இசையையும் பழங்கதைப் பாடல்களையும் கொணர்ந்தனர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் பான்ஜோ என்னும் நரம்புக் கருவிக்கு மூலமான கருவிகளைக் கொணர்ந்தனர். இரண்டும் கலந்த இசையில் உழைப்பும் வறுமையும் காதலும் இறைப்பற்றும் பாடுபொருள்களாயின.

வானொலி தோன்றிய சில ஆண்டுகளிலேயே இவ்விசை ஒலிபரப்பாயிற்று. 1923-இல் டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரிலும், 1924-இல் சிக்காகோவின் டபிள்யூ.எல்.எஸ். நிலையத்திலும் களஞ்சியக் கூத்து என்ற பெயரால் நாட்டுப்புற நிகழ்ச்சிகள் தொடங்கின. 1925-இல் நாஷ்வில் நகரில் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்று டபிள்யூ.எஸ்.எம். என்னும் நிலையத்தை நிறுவியது. அவ்வாண்டு நவம்பர் 28-ஆம் நாள், ஏறத்தாழ எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஜிம்மி தாம்ப்சன் என்ற முதியவர் அங்கே பிடில் வாசித்தார். அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே தொடங்கிவைத்த அந்நிகழ்ச்சியே பின்னர் உலகப் புகழ் எய்தியது.

அதற்குப் பெயர் வந்த கதை சுவையானது. 1927-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சனிக்கிழமை இரவு, வால்டர் டாம்ராஷ் என்ற புகழ்பெற்ற இசை நடத்துநர் வழங்கிய உயர்தரச் சங்கீத நிகழ்ச்சி முடிந்தவுடன் ஹேயின் நேரம் வந்தது. டிஃபோர்டு பெய்லி என்ற கறுப்பின இளைஞர் வாயால் ஊதும் ஹார்மோனிகாவில் புகைவண்டி ஓடும் ஓசையை அப்படியே எழுப்பினார். இதுவரை 'கிராண்ட் ஆப்பரா' கேட்டீர்கள், இனி எங்கள் ஊர் ஆப்பராவைக் கேளுங்கள் என்னும் பொருள்பட ஹே வேடிக்கையாகப் பேசினார். 'ஆப்பரா' என்ற சொல்லை நாட்டுப்புறத்தார் திரித்து ஒலிப்பதுபோல் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்றார். கேலியாகப் பிறந்த அப்பெயரே நிலைத்தது. ஆனால் பெயர் பிறந்த இரவில் வாசித்த பெய்லியை 1941-இல் அந்நிகழ்ச்சியிலிருந்து நீக்கிவிட்டனர் என்பதையும் வரலாறு பதிவு செய்திருக்கிறது.

எனினும் அக்காலத்தில் நாட்டுப்புற இசை வானொலியில் விருந்தாளியாகவே இருந்தது. விடியற்காலையில் சிறிது நேரம், சனிக்கிழமை இரவில் சில மணி நேரம், அவ்வளவே. மற்ற நேரமெல்லாம் நாடகங்களும் நகைச்சுவையும் நகரத்து நடன இசையுமாக இருந்தன.

இந்நிலையை மாற்றியது தொலைக்காட்சி. 1950-களில் அது வீடுதோறும் புகவே, நாடகமும் நகைச்சுவையும் பெரிய விளம்பரங்களும் வானொலியை விட்டு அங்கே குடியேறின. 1960 நவம்பரில் வானொலித் தொடர்நாடகங்களின் காலமே முடிவுற்றது. வானொலி மாண்டுவிடும் என்று பலர் எண்ணினர். ஆனால் சிறு நிலையங்கள் பிழைக்க வழி கண்டன. எல்லாரையும் மகிழ்விக்க முயல்வதை விட்டு, ஒரு சாராரை நாள் முழுவதும் மகிழ்விப்பது என்று முடிவு செய்தன. ஒரு நிலையம் இசைத்தட்டுகளைக்கொண்டு ஒரே வகை இசையைத் தொடர்ந்து ஒலிபரப்பும் இம்முறையை 'ஃபார்மட்' என்பர். நாம் நிகழ்ச்சி முறை எனலாம்.

நாள் முழுவதும் கண்ட்ரி இசையையே வழங்கிய முதல் நிலையம் என்று வரலாற்றாசிரியர் பலரும் குறிப்பிடுவது, டெக்சாஸில் லப்பக் என்னும் ஊரில் 1953-இல் எழுந்த கே.டி.ஏ.வி. நிலையத்தை. பருத்தி விளையும் சமவெளி ஊர் அது. அந்நிலையம் உள்ளூர் இளைஞர்க்கும் ஒலிவாங்கியைக் கொடுத்தது. அவ்வாறு பாடிய பள்ளி மாணவருள் ஒருவரே பின்னாளில் ராக் இசையில் பெரும்புகழ் பெற்ற படி ஹாலி. சிற்றூர் நிலையம் ஒன்று உள்ளூர்த் திறமைக்கு நாற்றங்காலாக விளங்க முடியும் என்பதற்கு இது சான்று.

1950-களின் பிற்பாதியில் ராக் அண்ட் ரோல் என்னும் புதிய அலை எழுந்தது. இளைஞரெல்லாம் அதன்பின் சென்றனர். கண்ட்ரி இசைக்கு வானொலியில் இடம் சுருங்கியது. களஞ்சியக் கூத்தை 36 ஆண்டுகள் வளர்த்த சிக்காகோ டபிள்யூ.எல்.எஸ். நிலையமே கைமாறி, 1960 மே மாதத்தில் ராக் இசைக்கு மாறிவிட்டது. தொட்டில் இட்ட வீடே கதவை அடைத்தது எனலாம்.

இதற்கிடையில் 1958-இல் கலைஞரும் வணிகரும் ஒன்றுகூடிக் கண்ட்ரி இசைச் சங்கத்தை நிறுவினர். அவர்கள் எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது ஓர் எண்ணத்தை. கண்ட்ரி இசை கேட்போர் கையில் காசில்லாத பட்டிக்காட்டார் என்று விளம்பரதாரர் நம்பினர். உண்மை வேறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னும் தென்மாநிலத்து உழவர் லட்சக்கணக்கில் டெட்ராய்ட், சிக்காகோ, லாஸ் ஏஞ்சலிஸ் முதலிய நகரங்களின் தொழிற்சாலைகளுக்குக் குடிபெயர்ந்திருந்தனர். அவர்கள் ஊரை விட்டு வந்தனரேயன்றி ஊர்ப்பாட்டை விட்டு வரவில்லை. நல்ல ஊதியம் பெற்றனர். வீடும் மோட்டார் வண்டியும் வாங்கினர். இவ்வுண்மையைச் சங்கத்தார் விளம்பரதாரருக்கு எடுத்துக்காட்டினர். 1961-இல் முழுநேரக் கண்ட்ரி நிலையங்கள் 81 என்று சங்கம் கணக்கிட்டது. 1969-இல் அத்தொகை 606 ஆயிற்று.

இசையும் தன் கோலத்தை மாற்றிக்கொண்டது. நாஷ்வில் நகரில் செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி முதலிய தயாரிப்பாளர்கள், பிடிலின் முரட்டு ஒலியைக் குறைத்து வயலின் குழுவையும் பின்பாட்டுக்காரரையும் சேர்த்தனர். பாட்சி கிளைன், ஜிம் ரீவ்ஸ் ஆகியோரின் மென்குரல்கள் இவ்வாறு நகரத்துச் செவிக்கும் இனித்தன. ஜிம் ரீவ்ஸின் இசைத்தட்டுகளுக்கு இந்தியாவிலும் இலங்கையிலும்கூட நேயர் பலர் இருந்தனர். புது நேயர் கிடைத்தனர். பழைய மண்வாசனை சற்றுக் குறைந்தது.

1973-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து டபிள்யூ.எச்.என். நிலையம், நடுத்தர வயதினர்க்கான மெல்லிசையைக் கைவிட்டுக் கண்ட்ரி இசைக்கு மாறியது. வானளாவிய மாளிகைகளின் நகரில் மலையூர்ப் பாட்டுக்கு என்ன வேலை என்று எள்ளியோர் இருந்தனர். ஆனால் அந்நிலையம் நாட்டிலேயே மிகுதியான நேயரைப் பெற்ற கண்ட்ரி நிலையங்களுள் ஒன்றாயிற்று. எனினும் அந்த வாழ்வு 14 ஆண்டுகளே. 1987 ஜூலை முதல் நாள் அதே அலைவரிசை விளையாட்டுச் செய்திகளுக்கே உரிய நிலையமாக மாறியது. மெல்லிசை விரும்பிகளுக்கு 1973-இல் நேர்ந்தது, கண்ட்ரி விரும்பிகளுக்கு 1987-இல் நேர்ந்தது.

இங்கேதான் ஆழ்ந்த கேள்வி ஒன்று பிறக்கிறது. தம் உள்ளங்கவர்ந்த நிலையம் மாறும்போது நேயர் அதைத் தடுக்க உரிமை உண்டா? 1974-இல் நியூயார்க்கின் டபிள்யூ.என்.சி.என். என்ற நிலையம் செவ்வியல் இசையை விடுத்து ராக் இசைக்கு மாறியபோது, நேயர்கள் சங்கம் அமைத்துப் போராடினர். மறு ஆண்டே செவ்வியல் இசை அங்கே மீண்டது. ஆனால் வழக்கு அதனோடு முடியவில்லை. நிகழ்ச்சி முறையைச் சந்தையின் போக்குக்கே விட்டுவிடலாம் என்பது ஆணையத்தின் கொள்கை. அருகிவரும் இசைவகையை ஒரு நிலையம் கைவிடுமுன் பொதுநலத்தை ஆராய வேண்டும் என்பது நேயர் வாதம். 1981 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் எழுவர்க்கு இருவர் என்ற பெரும்பான்மையால் ஆணையத்தின் கொள்கை சட்டத்துக்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தது. நீதிபதி மார்ஷல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பிரென்னன் அவருடன் உடன்பட்டார். 1993-இன் இறுதியில் அந்நிலையம் மீண்டும் ராக் இசைக்குச் சென்றுவிட்டது.

என் கருத்தைக் கேட்பீர்களாயின், இரு பக்கத்தும் உண்மை உண்டு என்பேன். சந்தையே, நகரத்தார் இகழ்ந்த உழைப்பாளியின் பாட்டை நியூயார்க்கு வரை ஏற்றி வைத்தது. எந்த அரசாணையும் அதைச் செய்யவில்லை. ஆனால் அதே சந்தை, கேட்போர் தொகை சற்றுக் குறைந்தவுடன் எந்த இசையையும் ஈவிரக்கமின்றி வெளியேற்றியது. சிறுபான்மையோரின் சுவையைக் காக்கும் கடமை சந்தைக்கு இல்லை. காற்றில் செல்லும் அலைவரிசையோ சிலரது தோட்டமன்று, எல்லார்க்கும் பொதுவானது. ஆதலின் அக்கடமையைப் பொதுநிலையங்களும் கல்லூரி வானொலிகளும் ஏற்றாக வேண்டும்.

மாணவர்களாகிய நீங்கள் உங்கள் ஊர்ப் பாட்டுகளை எண்ணிப் பாருங்கள். நடவுப் பாட்டும் தாலாட்டும் தெம்மாங்கும் எந்த நிலையத்தில், எத்தனை மணித்துளி ஒலிக்கின்றன என்று கணக்கிட்டுப் பாருங்கள். கேட்பார் உண்டு என்று தெரிந்தால்தான் ஒலிபரப்புவார் இருப்பர். ஆகவே நல்ல நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டால் நிலையத்துக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அது நின்றுபோனால் ஏன் நின்றது என்றும் கேளுங்கள்.