பாக்கு நீரிணையிற் படைக்காவல்

இலங்கைத் தரைப்படை 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பெற்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 10ஆந் திகதியே அதன் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகின்றது. பிறந்து மூன்றாண்டளவில் அப்படைக்குக் கிடைத்த நீடித்த பணி யாது? அந்நியப் படையெடுப்பைத் தடுப்பதன்று. உள்நாட்டுக் கலகத்தை அடக்குவதுமன்று. தென்னிந்தியக் கரையிலிருந்து வள்ளமேறி வந்த ஏழை மக்களைக் கரையிற் காத்திருந்து பிடிப்பதே அப்பணியாயிற்று. 1952ஆம் ஆண்டில் ‘மொன்ரி நடவடிக்கை’ என்னும் பெயருடன் தொடங்கிய அது, 1963இல் சட்டவிரோதக் குடியேற்றத் தடுப்புப் படையணி எனப் பெயர் மாறி விரிவுற்று, 1981 வரை நிலைத்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீடித்த இந்நடவடிக்கைக்கு நம் வரலாற்று நூல்களிற் பெரும்பாலும் இரண்டொரு வரியே கிடைத்துள்ளது.

தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையிலுள்ள கடல் ஏறக்குறைய 20 மைல் அகலமே உடையது. 1914ஆம் ஆண்டு முதல் சென்னையிற் புகைவண்டி ஏறியவர் தனுக்கோடியிற் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் வண்டியேறிக் கொழும்புக் கோட்டையை அடையலாயினர். தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாமிற் சோதிக்கப்பெற்று அனுப்பப்பட்டனர். கொழும்புத் துறைமுகத்திற் சுமை இறக்கியோரும், கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் கடை நடத்தியோரும் கணக்கெழுதியோரும், வெள்ளவத்தை நெசவாலையில் நூல் நூற்றோரும் இவ்வழியாகவே போயும் வந்தும் இருந்தனர். மனைவி மக்கள் ஒரு கரையிலும் தொழில் மறுகரையிலுமாக வாழ்ந்தோர் பலர். அவர்களுக்கு இது பிறநாட்டுப் பயணமாகத் தோன்றவில்லை.

இப்போக்குவரத்து ஒரே நாளில் அடைபடவில்லை. 1939இல் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியரை வேலைநீக்கஞ் செய்யத் துணிந்தது. அதற்கு மறுமொழியாக இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் பயிற்சியில்லாத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடை செய்தது. சுதந்திரத்தின் பின்னர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் வந்தன. பின்னையது 1949 நவம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை திறந்திருந்த கடற்பாதையிற் கடவுச்சீட்டும் விசாவும் குறுக்கிட்டன. வழக்கம் சட்டத்தோடு மாறுவதில்லை. முறையான வழி அடைபட்டதும், கூலி பெற்று ஆளேற்றும் தோணிக்காரர் முன்வந்தனர்.

எந்த அரசும் தன் எல்லையைக் காத்தல் முறையே. கள்ளக் குடியேற்றம் வெறுங் கற்பனையென்று சொல்லிவிடுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. தோணிகள் வந்தன, ஆட்கள் இறங்கினர், தரகர் பணம் பெற்றனர். கேள்வி அதுவன்று. அக்காவலைச் செய்யத் தகுந்தவர் யார், பிடிபட்டவன் யாரென எதைக் கொண்டு துணிவது என்பனவே ஈண்டு ஆராயற்பாலன.

1950 டிசம்பரில் அமைக்கப்பெற்ற கடற்படையிடம் தொடக்கத்தில் ‘விஜய’ என்னும் ஒரு கப்பலே முதன்மையாக இருந்தது. மன்னார் தொடங்கிப் பருத்தித்துறை வரை நீண்ட கரையை அதனாற் காத்தல் இயலாது. பொலிசாரும் போதியவராக இல்லை. எனவே தரைப்படை துணைக்கு அழைக்கப்பட்டது. இத்துணையின் இயல்பை உணர்தல் வேண்டும். படைவீரன் பயில்வது பகைவனை எதிர்த்தற்கு. பகைவனுக்குச் சீருடை உண்டு, கொடி உண்டு. மன்னார்க் கரையில் விடியற்காலையிற் சாரத்துடன் நிற்பவன் அவ்வூர் மீனவனாக இருக்கலாம். முந்திய இரவு இராமநாதபுரத்திலிருந்து வந்தவனாகவும் இருக்கலாம். தோற்றம் ஒன்று, மொழி ஒன்று, பெரும்பாலும் சமயமும் ஒன்று. வேறுபாடு பேச்சின் ஓசையிலும் சட்டைப்பையிலுள்ள காகிதத்திலுமே உளது. ஓசையை அறியத் தமிழ் தெரிதல் வேண்டும். காகிதத்தை ஆராய நீதவான் மன்று வேண்டும். துப்பாக்கி இவ்விரண்டிற்கும் உதவாத கருவி.

அக்காகிதத்தையும் எளிதிற் காட்டமுடியாதவாறு சட்டம் அமைந்திருந்தது. குறித்த நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்தவன் வமிசாவழிப் பிரசையாவதற்குத் தந்தையும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் ஈண்டுப் பிறந்திருத்தல் வேண்டும். பாட்டனின் பிறப்புச் சான்றிதழை எத்தனை வீடுகளிற் பேணி வைத்திருந்தனர்? கொழும்பிற் கற்றறிந்தோர் குடும்பங்களிற்கூட அதைத் தேடி எடுத்தல் அரிது. இச்சட்டத்தை எதிர்த்து நடந்த கொடாக்கன் பிள்ளை வழக்கில் கோமறைக் கழகம் 1953இல் அதனைச் செல்லுமெனத் தீர்த்தது.

1954 சனவரி 18ஆந் திகதி டில்லியில் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் செய்த உடன்படிக்கையில் இன்னும் நுணுக்கமான ஒரு விதி இடம்பெற்றது. தேருநர் இடாப்பிற் பெயரில்லாத வளர்ந்தோர் அனைவரையும் இலங்கை அரசாங்கம் பதிவு செய்யும்; பதிவு முடிந்தபின், அதில் இடம்பெறாத ஒருவனின் தாய்மொழி இந்திய மொழியாயின், மறுதலை நிறுவப்படும் வரை அவன் இந்தியாவிலிருந்து கள்ளத்தனமாக வந்தவனென ஊகிக்கப்படுவான்; நாடுகடத்தப்படவும் கூடியவனாவான். மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் 1949ஆம் ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டத்தினால் ஏலவே அவ்விடாப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தனர் என்பதை ஈண்டு நினைவுகூர்க. குற்றம் செய்தானெனக் காட்டுதல் அரசின் கடன் என்பது நீதிமுறையின் பொதுவழக்கு. இவ்விதியிலோ, ஒருவனது தாய்மொழியே அவனுக்கெதிரான சாட்சியாயிற்று. தமிழ் இலங்கையின் மொழியுமாம் என்ற உண்மையை இவ்வுடன்படிக்கையை வரைந்தோர் கருதாமல் விட்டனர் போலும். நேருவைப் போன்ற வரலாற்றறிஞரும் இதிற் கையொப்பமிட்டமை வியப்பிற்குரியது.

இதே ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்ததை ஒப்புநோக்குதல் பயன் தரும். மெக்சிக்கோவிலிருந்து சீட்டின்றி வந்தோரைத் திருப்பியனுப்பச் சட்டமா அதிபர் பிரௌனெல் தரைப்படையின் உதவியை நாடினார். படைத்தலைவர்கள் உடன்படவில்லை. படையின் பயிற்சி குலையும் என்பது ஒரு காரணம். உள்நாட்டுச் சட்டத்தை நிறைவேற்றப் படையைப் பயன்படுத்தலாகாது என்னும் 1878ஆம் ஆண்டுச் சட்டம் மற்றொன்று. இறுதியில், ஓய்வுபெற்ற சேனாதிபதி ஜோசப் சுவிங்கின் தலைமையிற் குடிவரவுத் திணைக்களத்தாரே அவ்வேலையைச் செய்தனர். அவர்கள் கையாண்ட முறை மென்மையானதன்று. ஆயின் படைமுகாம் ஒன்றும் அதனால் எழவில்லை. 2025 யூன் மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிவரவு நடவடிக்கையை ஒட்டித் தேசியக் காவற்படை அனுப்பப்பட்டபோது, அதே 1878ஆம் ஆண்டுச் சட்டமே மீண்டும் நீதிமன்றில் வாதிக்கப்பட்டது. இலங்கையில் இத்தகைய தடைச்சட்டம் இருந்ததில்லை.

தடையின்மையால் விளைந்தது யாது? தற்காலிகத் துணை நிலையான குடியிருப்பாயிற்று. 1955 முதல் 1959 வரை தரைப்படைக்குத் தலைமை தாங்கிய அன்ரன் முத்துக்குமாரு தமிழர். அப்பதவியை வகித்த முதல் இலங்கையரும் அவரே. அக்காலப் படையிற் பல இனத்தவரும் கலந்திருந்தனர். 1956இன் பின்னரும், சிறப்பாக 1962 சனவரிச் சதிமுயற்சியின் பின்னரும், இந்நிலை விரைந்து மாறிற்று. கரையில் நின்று ஒருவனின் பேச்சைக் கேட்டு இவன் எவ்வூரான் என்று உணரக்கூடியோர் படையிற் குறைந்தனர். உணர முடியாதவனுக்குத் தமிழ் பேசுவோர் எல்லோரும் ஒருவராகவே தோன்றுவர்.

1961 பெப்ரவரி 20ஆந் திகதி தமிழரசுக் கட்சியார் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கினர். ஏப்பிரலில் அவசரகால நிலை பிரகடனமாகிப் படை ஏவப்பட்டது. தலைவர்கள் பனாகொடையிற் காவலில் வைக்கப்பட்டனர். அச்சத்தியாக்கிரகிகள் தோணியில் வந்தவரல்லர். ஆயினும் வடபுலத்திற் படையின் நடமாட்டம் அதற்கு முன்னரே ஒன்பதாண்டு வழக்கமாகியிருந்தது. குடிவரவுக் காவலுக்கென வந்த படை அரசியற் கிளர்ச்சிக்கெதிராகவும் நின்றபோது, அதை முற்றிலும் புதியதென்று எவரும் கொள்ளவில்லை.

இவ்விடத்தில் தமிழரின் பங்கையும் மறைத்தலாகாது. ‘கள்ளத்தோணி’ என்னுஞ் சொல் பொலிசாரோ படையினரோ ஆக்கியதன்று. அது தமிழ்ச் சொல். யாழ்ப்பாணத்தாரும் கொழும்பில் உத்தியோகம் பார்த்த தமிழரும் தோட்டத் தொழிலாளியையும் நகரசுத்தித் தொழிலாளியையும் அச்சொல்லால் இழிந்துரைத்தனர். வெள்ளவத்தையில் வீடு வாங்கியவர் கொட்டாஞ்சேனையில் ஒண்டுக் குடியிருந்தவரைத் தம்மவரென எண்ணினாரா என்பது ஐயமே. 1948ஆம் ஆண்டின் சட்டத்தை எதிர்த்துச் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்தபோது அவரைப் பின்பற்றியோர் தொடக்கத்திற் சிலரே. நாளடைவில் அச்சொல் சிங்கள வழக்கிலும் புகுந்து, மலைநாட்டார் யாழ்ப்பாணத்தார் என்னும் வேறுபாடின்றித் தமிழர் அனைவர்மீதும் எறியப்பட்டது.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதிய சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரை எண்ணிப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பிற்போடப்பட்டு 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தினால் அடையாள அட்டை வந்தது. சோதிப்பதற்கு இனி ஓர் அட்டை உளதாகையால் பேச்சோசையைக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் ஒழியும் என்று எதிர்பார்த்தல் இயல்பே.

2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில், பொலிசார் படையினரின் துணையுடன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளிற் புகுந்து, வடக்குக் கிழக்கிலிருந்து வந்து தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினர். மருத்துவத்திற்காக வந்தோர், வெளிநாட்டுப் பயணத்திற்குக் கடவுச்சீட்டு எடுக்க வந்தோர், வேலை தேடி வந்தோர் அவர்களுள் இருந்தனர். அவர்கள் இந்நாட்டுப் பிரசைகள். எக்கடலையும் கடந்து வந்தவரல்லர். கொழும்பிலே தங்குவதற்குத் தக்க காரணம் இல்லாதோர் என்பதே அவர்கள்மேற் சாட்டப்பட்டது. இலங்கைக் கரையில் 1952இற் கேட்கப்பட்ட கேள்வி, ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் காலி வீதியிலுள்ள விடுதிக் கதவில் தட்டிக் கேட்கப்பட்டது.

மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவின்மேல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில நாளிற் பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க அரசாங்கத்தின் சார்பில் வருத்தந் தெரிவித்தார். அனுப்பப்பட்டோருட் பலர் மீண்டும் பேருந்தேறித் தத்தம் விடுதிகளுக்கு வந்துசேர்ந்தனர்.