ஆட்டப்பெட்டியின் மறுபிறப்பு

ஏடும் கல்வெட்டும் போலப் பொறியும் வரலாற்றுச் சான்றேயாம். ஏட்டைச் செல்லரிப்பதுபோலப் பொறியையும் காலம் அழிக்கின்றது. காசிட்டு ஆடும் மின்னியல் ஆட்டப்பெட்டிகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

1980ஆம் ஆண்டில் யப்பானிய நம்கோ நிறுவனம் வெளியிட்ட 'பாக்-மான்' உலகெங்கும் பரவியது. 1993ஆம் ஆண்டில் கப்கொம் நிறுவனம் அறிமுகஞ் செய்த 'சீ.பி.எஸ்.-2' பலகைகளிலோ ஆட்டத்தின் கட்டளைகள் மறைகுறியில் அமைந்திருந்தன. அதனை விடுவிக்கும் திறவுகோலை ஒரு சிறு மின்கலமே காத்து நின்றது. மின்கலம் ஓய்ந்ததும் ஆட்டமும் மாண்டது.

இவ்வழிவைத் தடுக்க முயன்றோருள் இத்தாலியரான நிக்கொலா சல்மோரியா குறிப்பிடத்தக்கவர். பழம்பொறியின் இயக்கத்தைக் கணினியிற் போலச் செய்யும் 'மேம்' என்னும் மென்பொருளை அவர் 1997 பெப்ரவரி 5ஆந் திகதி வெளியிட்டார். மேற்கூறிய மறைகுறியின் முறையும் 2007இல் வெளிப்பட்டது.

மீண்ட உயிருக்கு உடலும் வேண்டுமன்றோ? இன்று ஆர்வலர் வீட்டிலேயே பலகை அறுத்துப் பெட்டி செய்து, திரையும் பிடிகோலும் பொத்தான்களும் பூட்டி, 'றாஸ்பெரி பை' போன்ற சிறு கணினியை உள்ளே அமைக்கின்றனர். பாக்-மானுக்கு நெடுந்திரையும் நாற்றிசைப் பிடிகோலும் உரியன. எண்டிசைப் பிடிகோல் பூட்டின் திருப்பங்களிற் கை தவறும். எனவே பெட்டி வெறும் அலங்காரமன்று. அன்றைய ஆட்டக்காரனின் கை அறிந்ததை நமக்கு உணர்த்தும் சான்றாகும். ஆட்டங்களின் பதிப்புரிமை இன்னும் உரியோரிடமே உளது. அதனை மதித்தே இப்பணி நடைபெறல் வேண்டும்.