பால் மறந்த பன்றிக்குட்டிகள்: எப்போது ஓடும், எப்போது படுக்கும்?

மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் ஆடு, மாடு, கோழிகளை வைத்து மீண்டும் வாழ்க்கையைத் தொடங்கிய குடும்பங்கள் வடக்கில் ஏராளம். சில கிராமங்களில் பன்றி வளர்ப்பும் அப்படியொரு வருமானம். நான்கைந்து குட்டிகளை நம்பியிருக்கும் வீட்டில் ஒன்று செத்தாலும் அந்த வருடக் கணக்கே பிழைத்துவிடும். தாயைப் பிரிந்த முதல் இரண்டு வாரங்கள்தான் மிகவும் கவனமாக இருக்கவேண்டிய காலம். வன்னியில் நான் பார்த்த கொட்டில்களில் அனுபவசாலிகள் முதலில் கவனிப்பது, குட்டிகள் எழும்பும், படுக்கும் நேரத்தைத்தான்.

முதல் நாட்கள்

நான்கு வாரம் அளவில் பால் மறக்கச் செய்த குட்டி, முதல் ஓரிரு நாட்கள் சரியாகத் தின்னாது. வேறு தாயின் குட்டிகளுடன் விட்டால் சண்டை பிடிக்கும். யார் பெரியவர் என்பது முடிவானதும் சண்டை குறையும். அதன்பிறகே அவற்றின் வழக்கமான நாள் தொடங்குகிறது.

ஒரு நாளின் ஒழுங்கு

நாளின் பெரும்பகுதியைக் குட்டிகள் படுத்தே கழிக்கும். காலையில் ஒரு தடவையும் பின்னேரத்தில் ஒரு தடவையும் சுறுசுறுப்பாகும். தின்பது, கிளறுவது, ஓடுவது எல்லாம் பெரும்பாலும் அப்போதுதான். ஒன்று எழும்பித் தின்னப் போனால் மற்றவையும் பின்னால் போகும். ஆகவே, எல்லாம் ஒன்றாக நின்று தின்னக்கூடிய நீளத்தில் தொட்டி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மெலிந்த குட்டி இன்னும் மெலியும்.

வெயிலும் மாரியும்

ஐரோப்பாவில் பகல் பொழுதின் நீளம் பருவத்துக்குப் பருவம் வெகுவாக மாறும். எங்கள் பக்கத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமே வித்தியாசம். இங்கே குட்டிகளின் நடமாட்டத்தை மாற்றுவது வெக்கையும் மழையும்தான்.

பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிராக்க முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியம் முழுவதும் ஒன்றையொன்று தொடாமல் விலகிப் படுக்கும். ஈரமான இடத்தைத் தேடிப் புரளும். அது அழுக்குப் புத்தியல்ல, வெக்கைக்குச் செய்யும் வைத்தியம். அப்போது விடியற்காலையிலும் பொழுதுபட்ட பிறகும்தான் நன்றாகத் தின்னும். தீனியை அந்த நேரங்களுக்கு மாற்றுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். தகரக் கூரைக்கு மேல் கிடுகு போட்டால் வெக்கை குறையும்.

மாரியில் நிலைமை எதிர்மாறு. புதிதாகப் பால் மறந்த குட்டிக்கு ஏறக்குறைய 28 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். மார்கழி இரவின் குளிரோடு ஈரத் தரையும் கூதல் காற்றும் சேர்ந்தால், குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் படுக்கும். காற்றடிக்கும் பக்கம் தறப்பாளால் மறைத்து, தரையில் காய்ந்த வைக்கோல் போடுங்கள். ஆனால் மூத்திர நெடி வெளியேற மேலே இடைவெளி விடவேண்டும்.

எப்போது பயப்படவேண்டும்?

படுத்திருப்பது நோயல்ல. எல்லாம் எழும்பும் நேரத்தில் ஒன்று எழும்பாவிட்டால், அதுதான் முதல் அறிகுறி. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2024 இல் இலங்கையிலும் பரவியது. அது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் அதைக் குணப்படுத்த மருந்தில்லை. பல குட்டிகள் காய்ச்சலோடு சுருண்டு படுத்தால், அவசரப்பட்டு விற்கவோ இறைச்சிக்கு வெட்டவோ வேண்டாம். உடனே அரச கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். அயல்வீட்டுக் கொட்டிலும் அதில்தான் தப்பும்.