நுரையீரலிடம் பிறப்பைக் கேட்ட கருவி

செம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது தாம்பரம் சானடோரியம். ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் தந்த அந்தக் காசநோய் மருத்துவமனையை 1928இல் டாக்டர் சவுரி முத்து தொடங்கினார். இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. இருமலோடு போகும் நம் மக்களிடம் இதுபோன்ற இடங்களில் ஒரு குழாயைக் கொடுத்து, மூச்சை முழுக்க இழுத்து முழுக்க ஊதச் சொல்வார்கள். கருவியின் பெயர் ஸ்பைரோமீட்டர். ஒரே மூச்சில் வெளியேற்ற முடிகிற மொத்தக் காற்றுதான் உயிர்ப்புத்திறன். வளர்ந்தவர்களுக்குச் சராசரியாக 3 முதல் 5 லிட்டர். எவ்வளவு ஊதினாலும் நுரையீரலில் லிட்டருக்கு மேல் காற்று மிஞ்சும், அது இந்தக் கணக்கில் வராது.

இந்தக் கருவிக்கு ஒரு வரலாறு உண்டு தோழர்களே. நமக்கு அது அந்நியமானதல்ல.

1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்தார். மாலுமிகள், தீயணைப்பு வீரர்கள், காவலர்கள், ஏதிலிகள், கனவான்கள் என்று எல்லோரும் அதில் உண்டு. உயரம் கூடக் கூட மூச்சின் அளவும் கூடுகிறது, வயதானால் குறைகிறது என்று கண்டார். இதுவரை விஞ்ஞானம்.

பிறகு கருவி அமெரிக்காவின் அடிமை முதலாளிகளிடம் போனது. லூசியானா மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், கறுப்பர்களின் நுரையீரல் 20 சதவீதம் குறைவு என்றார். அதனால் கட்டாய உழைப்பு அவர்கள் உடலுக்கு நல்லதாம்! அடிமை தப்பி ஓடுவதையே ஒரு மனநோய் என்று 1851இல் பெயர் சூட்டியவரும் இவர்தான். உள்நாட்டுப் போருக்குப் பின் 1869இல் பெஞ்சமின் கோல்ட் வெளியிட்ட படைவீரர் அளவைகள், அடிமைத்தனத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர்களின் பட்டினியையும் நோயையும் கணக்கில் எடுக்காமல், குறையை இனத்தின் மேல் எழுதின. 1896இல் ஃபிரெடரிக் ஹாஃப்மன் என்ற காப்பீட்டு நிறுவனப் புள்ளியியலாளர் கறுப்பினமே அழியப்போகிறது என்றார். அடுத்த ஆண்டே கெல்லி மில்லர் என்ற கறுப்பினக் கணிதப் பேராசிரியர் மறுப்பு எழுதினார்.

இங்கே? சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக மூக்கை அளந்துகொண்டிருந்தார். அதே வகை மூக்களவைப் புள்ளிவிவரங்களை வைத்தே, தீண்டப்படாதார் தனி இனம் என்ற வாதத்தை அம்பேத்கர் 1948இல் உடைத்தார். நுரையீரலும் விடப்படவில்லை. 1932இல் கிருஷ்ணன், வரீத் இருவரும் தென்னிந்திய ஆண் மருத்துவ மாணவர்கள் 103 பேரை அளந்தார்கள். உள்ளூர் உடலுக்கு உள்ளூர் அளவுகோல் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் அந்தக் காலத்தில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முடிந்தவர்கள் யார் என்று நாம் கேட்க வேண்டாமா?

உயரம், வயது, பால் தவிர, மூச்சைக் குறைப்பவை என்னென்ன? சிறுவயதில் சத்துணவு இல்லாமை, காசநோய், விறகு அடுப்புப் புகை, பீடி, கல்தூசி. பல்லாவரம், திரிசூலம் குவாரிகளில் கல் உடைத்தவர்களின் மார்புக்குள் போன தூசி எந்த ரத்தத்திலும் பிறந்ததல்ல. சிலிக்கோசிஸ் இந்தியச் சட்டப்படி நஷ்டஈட்டுக்குரிய தொழில்நோய். ஆனால் நுரையீரல் எவ்வளவு கெட்டது என்று காட்டப் பெரும்பாலும் இந்த ஊதல் கணக்கே முன்வைக்கப்படுகிறது. "உங்கள் ஆட்களுக்கு இயல்பிலேயே கம்மி" என்று இயல்பளவைக் கீழே இறக்கினால், கெட்டுப்போன நுரையீரலும் நல்லதாகிவிடும். கற்பனையல்ல: 1999இல் பால்டிமோரில் ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம், ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளில் கறுப்பினத் தொழிலாளருக்குத் தனி அளவுகோல் கேட்டது இதற்காகத்தான். கருவிகளின் மென்பொருளில் கறுப்பர்களுக்கு 10 முதல் 15 சதவீதமும், ஆசியர்களுக்கு 4 முதல் 6 சதவீதமும் கழிக்கும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. 2023இல்தான் அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் இனம் பார்க்காத கணக்கைப் பரிந்துரைத்தது.

வீட்டில் யாருக்காவது இந்தப் பரிசோதனை எடுத்தால் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். ஊதிய அளவுக்குப் பக்கத்தில் 'எதிர்பார்க்கப்படும் அளவு' என்று ஒரு எண் இருக்கும். அது யாரை அளந்து வந்த எண், எந்தச் சமன்பாடு என்று மருத்துவரிடம் கேளுங்கள். நஷ்டஈட்டு மனு போடும் தொழிலாளிக்காக நாம் போகும்போது, அந்தக் கேள்வியை எழுத்தில் கேட்போம்.