உள்ளகப் புகார்க் குழு (உயர்கல்வி நிறுவனங்கள்)

பாலியல் சீண்டலுக்கோ வன்முறைக்கோ ஆளான மாணவரும் ஊழியரும் தரும் புகாரை விசாரிக்கவும், விசாரணைக் காலத்தில் அவர்களுக்குத் துணைநிற்கவும் இந்தியாவின் ஒவ்வொரு கல்லூரியும் பல்கலைக்கழகமும் அமைத்தாக வேண்டிய குழு இது. பல்கலைக்கழக மானியக் குழு 2016 மே 2 அன்று அறிவிக்கை செய்த 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இதன் அடிப்படை. அலுவலகக் கடிதங்களில் ஐ.சி.சி. என்று குறிக்கப்பட்டாலும், தமிழ்நாட்டில் பேச்சிலும் செய்திகளிலும் ‘விசாகா கமிட்டி’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

வரலாறு

ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் ஒருவர் 1992இல் கூட்டு வன்முறைக்கு ஆளானார். அதையொட்டி விசாகா உள்ளிட்ட அமைப்புகள் தொடுத்த வழக்கில், பணியிடங்களில் புகார்க் குழு அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997 ஆகஸ்ட் 13 அன்று தீர்ப்பளித்தது. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 1999இல், மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் தேர்தல் மூலம் இடம்பெறும் குழுவை அமைத்து முன்னோடியானது. 2017இல் அந்தக் குழு கலைக்கப்பட்டு ஐ.சி.சி. வந்தபோது வளாகத்தில் எதிர்ப்பு எழுந்தது.

2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கூட்டுப் பாலியல் வன்முறைக்குப் பின் மானியக் குழு அமைத்த பணிக்குழு, ‘சக்‌ஷம்’ என்ற அறிக்கையை 2013இல் அளித்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் அதே ஆண்டு டிசம்பர் 9இல் நடைமுறைக்கு வந்தது.

அமைப்பு

குழுவின் தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும். அவருடன் இரு ஆசிரியர்கள், ஆசிரியரல்லாத ஊழியர் இருவர், வெளியிலிருந்து தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் இருப்பார்கள். மாணவர் தொடர்பான புகார் என்றால், இளநிலை, முதுநிலை, ஆய்வு ஆகிய மூன்று நிலைகளிலிருந்தும் தேர்தல் மூலம் வந்த மாணவர் மூவர் சேர்வர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் ஆகியோர் உறுப்பினராக முடியாது. நிர்வாகத்தின் நிழல் விசாரணையில் விழக் கூடாது என்பதே நோக்கம்.

வகுப்பறை, விடுதி ஆகியவற்றோடு கல்லூரிப் பேருந்து, கல்விச் சுற்றுலா, களப்பணி, விளையாட்டுப் போட்டி, கலைவிழா நடக்கும் இடங்களும் ‘வளாகம்’ என்ற வரையறைக்குள் அடங்கும். மாணவிகளே பெரும்பாலும் பாதிக்கப்படுகிறார்கள் என்று கூறும் ஒழுங்குமுறைகள், சில ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் இலக்காவதையும் ஏற்கின்றன.

புகாரும் விசாரணையும்

சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்து வடிவில் புகார் தர வேண்டும். தொடர் சம்பவங்கள் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். உடல்நிலையோ மனநிலையோ இடம்தராதபோது தோழியோ உறவினரோ உடன்படிப்பவரோ புகார் தரலாம். புகாரின் நகல் 7 நாளில் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பரிந்துரையின்மீது நிர்வாகம் 30 நாளில் செயல்பட வேண்டும். நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே ஒரு புகார் பொய்ப்புகார் ஆகிவிடாது.

படிப்புக்குப் பாதுகாப்பு

புகார் கொடுத்தவருக்கு முதலில் எழும் பயம் இன்டர்னல் மார்க், அட்டெண்டன்ஸ், ஆய்வேடு ஆகியவற்றைப் பற்றியது. முனைவர் பட்ட மாணவிக்கு இது இன்னும் கூர்மையானது: ஆய்வகச் சாவி, உதவித்தொகைப் படிவம், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் அனுமதி எல்லாவற்றுக்கும் ‘கைடு’ கையெழுத்து வேண்டும். புகாருக்கு உள்ளானவரே அந்தக் கைடாக இருந்தால், புகார் என்பது பட்டத்தைப் பணயம் வைப்பதாகிறது.

இதற்காகவே தீர்ப்புக்குக் காத்திராத இடைக்கால நிவாரணங்கள் உள்ளன. குழு பரிந்துரைத்து நிர்வாகம் ஏற்றால், மாணவிக்கு வேறு நெறியாளரோ வேறு துறையோ அளிக்கலாம். 3 மாதம் வரை விடுப்பும் வருகைப்பதிவில் தளர்வும் தரலாம். புகாருக்கு உள்ளானவர் அந்த மாணவியின் தாளைத் திருத்தவோ தேர்வை மதிப்பிடவோ தடைவிதிக்கலாம். விலகி இருக்கும்படி எச்சரிக்கலாம். தேவைப்பட்டால் வளாகத்துக்குள் வரவும் தடுக்கலாம். புகார் தந்தவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது.

காவல்துறையும் நீதிமன்றமும்

குழுவிடம் போவதால் காவல்துறைக்குப் போகும் உரிமை இழக்கப்படுவதில்லை; மாணவர் விரும்பினால் காவல்துறையில் புகார் அளிக்க நிறுவனம் உதவ வேண்டும். குழுவுக்கான 3 மாத வரம்பு அங்கே பொருந்தாது. 18 வயது நிறையாத முதலாண்டு மாணவர் பாதிக்கப்பட்டால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். விவரம் அறிந்தவர் தகவல் தெரிவிப்பது கட்டாயம். வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் மருத்துவமனை எதுவானாலும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் அளிக்க வேண்டும்.

2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், அவரது விவரங்களுடன் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, மாணவிக்கு ரூ.25 லட்சம் இடைக்கால இழப்பீடு வழங்கவும், கட்டணம் வாங்காமல் அவர் படிப்பைத் தொடர வகைசெய்யவும் உத்தரவிட்டது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு, 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

நடைமுறைச் சிக்கல்கள்

அவசர விசாரணையும் புகார் தந்தவருக்கே பாதகமாகலாம். கோவா பல்கலைக்கழக மாணவிகள் 2009இல் அளித்த புகார்களில் பணிநீக்கம் வரை சென்ற நடவடிக்கையை, எதிர்த்தரப்புக்குப் போதிய வாய்ப்புத் தரப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 மே 12 அன்று ரத்து செய்து, மறுவிசாரணைக்கு அனுப்பியது. பதினான்கு ஆண்டுக்குப் பின் விசாரணையை மீண்டும் நடத்த வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகங்கள் உட்பட எல்லா இடங்களிலும் குழுக்கள் முறையாக அமைந்துள்ளனவா என்று சரிபார்க்கவும், உறுப்பினர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் அதே தீர்ப்பு கட்டளையிட்டது.