ஒரு வசைக்கு ஒரு ஷில்லிங்

இங்கிலீஷில் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவரும் நம் ஊரில் கோபம் வந்தால் ‘ப்ளடி’ என்பார். பழைய சினிமாவில் பணக்கார அப்பா ‘டேமிட்’ என்று மேசையைக் குத்துவார். இரண்டும் ஒரே ரகம் என்றுதான் நாம் எண்ணியிருக்கிறோம். பிறந்த ஊரில் அவற்றின் ஜாதகம் வேறு வேறு.

‘டேம்’ என்பது மாதாகோயிலிலிருந்து தெருவுக்கு வந்த சொல். நரகத்துக்குத் தீர்ப்பிடுவது என்று அர்த்தம். சாவி தொலைந்ததும் இங்கிலீஷ்காரன் ‘டேம்ட் சாவி’ என்றால், கடவுள் பாவிக்குக் கொடுக்க வேண்டிய தண்டனையை அவன் சாவிக்குக் கொடுத்துவிட்டான். நாம் ‘பாழாய்ப்போன சாவி’ என்கிறோம். அதில் கடவுள் தலையிடுவதில்லை. ‘சனியன் பிடித்த’ என்றால் ஒரு கிரகம் வருகிறது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தை முதலில் கவனித்துக் கேலி செய்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 15ஆம் நூற்றாண்டில், நூறாண்டுப் போர் நடந்த காலத்தில், ஆங்கிலேயருக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘கோதோன்’. ‘காட் டேம்’ என்று எப்போதும் சொல்கிறவர்கள் என்பதால் வந்த பெயர் என்பார்கள். ஜோன் ஆஃப் ஆர்க் என்று நீங்கள் படித்திருக்கும் ழான் தார்க் சிறையில் இருந்தபோது அந்தப் பெயரைச் சொன்னதாக, அவர் இறந்தபின் நடந்த மறுவிசாரணையில் ஒருவர் சாட்சி சொல்லியிருக்கிறார். 1784இல் மேடையேறிய பொமார்ஷேயின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ நாடகத்தில், ‘காட் டேம்’ ஒன்று தெரிந்தால் போதும், இங்கிலாந்தில் எதற்கும் குறைவிருக்காது என்று வேலைக்காரன் ஃபிகாரோ தன் பிரபுவிடம் விளக்குவான். பள்ளியில் அதைப் படித்தபோது வகுப்பே சிரித்தது.

பிரெஞ்சு மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. ‘சக்ரே’ என்ற சொல்லைப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வைத்தால் ‘புனிதமான’. முன்னால் வைத்தால் பெரும்பாலும் ‘பாழாய்ப்போன’. எங்கள் புதுச்சேரி இருதய ஆண்டவர் கோயிலின் பிரெஞ்சுப் பெயரில் அது முன்னால்தான் நிற்கிறது. அதை யாரும் வசையாக எடுத்துக்கொண்டதில்லை.

இங்கிலாந்து அரசாங்கம் இதைச் சிரித்து விட்டுவிடவில்லை. 1745ஆம் வருடச் சட்டம் ஒன்று சாபத்துக்கும் ஆணைக்கும் அபராதம் வகுத்தது. கூலியாள், சிப்பாய், மாலுமி என்றால் ஒரு முறைக்கு 1 ஷில்லிங். கனவான் அந்தஸ்துக்குக் கீழே உள்ள மற்றவர்களுக்கு 2 ஷில்லிங். கனவானுக்கும் அதற்கு மேற்பட்டவருக்கும் 5 ஷில்லிங். பணம் அந்த வட்டாரத்து ஏழைகளுக்குப் போகும். உத்தியோகத்தில் எத்தனையோ கட்டண அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்கானதைப் பார்த்ததில்லை. குமாஸ்தா 2 ஷில்லிங் பிரிவில் வருவார் என்று நினைக்கிறேன். ஆனால் கனவானுக்கு 5 ஷில்லிங் ஒரு பொருட்டல்ல. கூலியாளுக்கு 1 ஷில்லிங் ஒரு நாள் சோறு. கட்ட முடியாதவனுக்குச் சிறை இருந்தது. தொகை ஏறுவரிசை, வலி இறங்குவரிசை.

‘ப்ளடி’க்கு வருவோம். இதில் கடவுளும் இல்லை, நரகமும் இல்லை. கன்னிமரியாளின் பெயர் சிதைந்து இப்படி ஆயிற்று என்று ஒரு கதை உண்டு. அகராதிக்காரர்கள் அதை ஏற்கவில்லை. ரத்தம் சம்பந்தப்பட்டது என்பதே நேர்ப்பொருள். 1711இல் ஜோனதன் ஸ்விஃப்ட், அவரே ஒரு பாதிரியார், லண்டனிலிருந்து தோழிகளுக்கு எழுதிய கடிதத்தில், நடந்து போகையில் வெயில் ‘ப்ளடி’யாகக் காய்ந்தது என்று கூச்சமில்லாமல் எழுதினார். நாம் ‘கடும்’ வெயில் என்பதுபோல.

பிறகு அந்தச் சொல் கூலிக்காரர் வாயிலும் படைவீரர் வாயிலும் புழங்கப் புழங்க, மரியாதைப்பட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அர்த்தம் கெடவில்லை. சொல்கிறவன் யார் என்பதுதான் அதைக் கெடுத்தது. 19ஆம் நூற்றாண்டில் அச்சில் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் போட்டு, நடுவில் கோடு இழுத்தார்கள். 1887இல் கில்பர்ட், சல்லிவன் இருவரும் ‘ரடிகோர்’ என்று ஓர் இசைநாடகம் போட்டார்கள். ‘ரடி’ என்றால் செந்நிறம். ‘ப்ளடி’க்குப் பதிலாக நாசூக்காகச் சொல்லும் வார்த்தை. தலைப்பே அசிங்கம் என்று ஆட்சேபம் எழுந்தது. சில நாட்களில் பெயரிலிருந்த ‘ஒய்’ எழுத்தை ‘ஐ’ ஆக்கினார்கள். உச்சரிப்பு அதேதான். ஆட்சேபித்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஃபைல்களோடு வாழ்ந்தவனுக்கு இந்தத் தீர்வில் ஆச்சரியமில்லை.

கடைசியில் சொல்லைத் துணிந்து மேடையில் ஒலிக்கவிட்டவர் பெர்னார்ட் ஷா. 1914 ஏப்ரல் 11, லண்டன் ஹிஸ் மெஜஸ்டிஸ் தியேட்டர், ‘பிக்மேலியன்’. பூக்காரப் பெண் எலைசா, சீமாட்டியின் உச்சரிப்போடு, உயர்குடி வரவேற்பறையில் நின்று அந்தச் சொல்லைச் சொல்கிறாள். அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. மறுநாள் முதல் பத்திரிகைகளுக்கு வேறு விஷயம் தேவைப்படவில்லை. அதற்குப்பின் சிலர் ‘ப்ளடி’ வர வேண்டிய இடத்தில் ‘பிக்மேலியன்’ என்றே சொல்லிக்கொண்டார்கள்.

ஷில்லிங் கணக்குப் போட்ட அந்த 1745ஆம் வருடச் சட்டத்தை நீக்க மறந்தேபோய்விட்டார்கள். 1967இல்தான் நீக்கினார்கள். அதற்குள் ‘டேம்’ பாட்டிமார்களும் சொல்லும் சொல்லாகியிருந்தது.